பிறந்த குழந்தைக்கு வரும் பெரிய நோய்கள்: எதைப் பார்த்து ஓட வேண்டும், எதை விட்டுவிடலாம்

கேள்வி இதுதான்: "எனக்கு இன்னும் ஆறு வாரத்தில் முதல் பிரசவம். பிறந்த குழந்தைகளுக்கு வரும் நோய்களைப் பற்றிப் படித்துப் படித்துத் தூக்கமே போய்விட்டது. எதெல்லாம் உண்மையிலேயே ஆபத்து? வீட்டுக்கு வந்த பிறகு எதைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம்?"

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். நீங்கள் படித்த பட்டியலில் இருக்கும் நோய்களில் பெரும்பாலானவற்றை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பார்ப்பது நோயோடு வரும் குழந்தைகளை மட்டுமே. நிறைமாதத்தில் பிறந்து, பால் குடித்து, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும் குழந்தைகள்தான் மிகப் பெரும்பான்மை. அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நீங்கள் படிப்பதெல்லாம் பயமாகத்தான் இருக்கும்.

பயப்பட வேண்டியதையும் மறைக்க மாட்டேன். 2022-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்து 28 நாட்களுக்குள் இறந்திருக்கின்றன. அதில் ஏறத்தாழ முக்கால்வாசி முதல் வாரத்திலேயே. காரணங்களின் பட்டியல் நீளமானதில்லை. குறைமாதத்தில் பிறப்பது, பிறக்கும்போது மூச்சு முட்டிப்போவது, கிருமித்தொற்று, பிறவிக் குறைபாடு. இந்த நான்கும்தான் பெரும் பங்கு. இவற்றில் கணிசமான இறப்புகள் நேரத்தோடு கவனித்தால் தடுக்கக்கூடியவை.

"நேரத்தோடு" என்பதுதான் கஷ்டமான இடம். நமக்கு உடம்பு சரியில்லை என்றால் ஊரைக் கூட்டுகிறோம். பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அது அடங்கிப் போய்விடும். காய்ச்சல் வரலாம், வராமலும் போகலாம். அழுகை கூடாது, குறையும். பால் குடிப்பது குறையும், தூக்கம் கூடும். வீட்டில் எல்லோரும் "சமத்துக் குழந்தை" என்று மெச்சிக்கொண்டிருக்கும் நேரத்தில் உள்ளே ரத்தத்தில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும். அதனால் நோயின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, எந்த நோய் எந்த நேரத்தில் வரும், வந்தால் எப்படித் தெரியும் என்று பார்ப்பது பயன்படும். நேர வரிசையிலேயே போகிறேன்.

முதல் நிமிடம். பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 85 தாமாகவே மூச்சு விட்டு அழும். இன்னும் பத்துக் குழந்தைகள், துணியால் நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் மூச்சு விட்டுவிடும். ஐந்து குழந்தைகளுக்கு முகத்தில் மாஸ்க் வைத்து, பையை அழுத்தி, நுரையீரலுக்குள் காற்றைத் தள்ள வேண்டியிருக்கும். அதை முதல் நிமிடத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதே பிரசவ அறையின் அடிப்படைப் பாடம். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், பழகிய ஒரு கையும் ஒரு ரப்பர் பையும் போதும். எனவே பிரசவத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது அறை எவ்வளவு வசதி என்று கேட்பதற்கு முன்னால், "குழந்தை அழவில்லை என்றால் அந்த நேரத்தில் யார் இருப்பார்கள்?" என்று கேளுங்கள்.

மூச்சுத் தாமதமாகி மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போன நிறைமாதக் குழந்தைகளுக்கு இப்போது ஒரு சிகிச்சை இருக்கிறது. உடம்பை 33.5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து, 72 மணி நேரம் அப்படியே வைத்து, பிறகு மெல்ல மெல்லச் சூடேற்றுவோம். மூளைச் செல்கள் அடுத்தடுத்துச் சாவதை அது குறைக்கிறது. பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் யாரும் குழந்தையைக் குளிர வைத்துவிடக் கூடாது. நிமிடத்துக்கு நிமிடம் கண்காணித்துச் செய்யும் வேலை அது. மற்றபடி எந்தப் பச்சிளம் குழந்தைக்கும் குளிர் எதிரிதான்.

அப்கார் மதிப்பெண் பற்றியும் பலர் கவலைப்படுகிறார்கள். 1952-ல் வர்ஜீனியா அப்கார் என்ற மயக்க மருத்துவர் உருவாக்கிய முறை அது. ஒன்றாம் நிமிடமும் ஐந்தாம் நிமிடமும் நிறம், நாடித்துடிப்பு, மூச்சு, தசை விறைப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போடுவது. குழந்தைக்கு உதவி வேண்டுமா, கொடுத்த உதவி வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டுமே அது. ஏழு வாங்கிய குழந்தை ஒன்பது வாங்கியதைவிட அறிவில் மட்டம் என்று நினைத்து அழுத அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி எதுவும் இல்லை.

அடுத்தது குறைமாதம். 37 வாரத்துக்கு முன்னால் பிறந்தால் குறைமாதம். ஆறு வாரம் இருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் உங்களுக்கு இப்போது 34 வாரம். 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான், பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்கூட்டி, கிட்டத்தட்ட உங்கள் குழந்தை இப்போது இருக்கும் பருவத்தில். எடை ஏறக்குறைய 2 கிலோ 100 கிராம். 39 மணி நேரத்தில் இறந்துபோனான். உலகத்தின் அதிகாரம் மிக்க தகப்பனாலும் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்று வசதியுள்ள ஒரு பச்சிளம் குழந்தைகள் பிரிவில் அதே எடையில், அதே வாரத்தில் பிறக்கும் குழந்தையை நாங்கள் அபாயக் கட்டம் என்றே சொல்வதில்லை.

இடையில் என்ன நடந்தது? நுரையீரலின் காற்றறைகள் சோப்புக் குமிழி மாதிரி. மூச்சை வெளியே விட்டதும் சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டாமல் பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு கொழுப்புப் படலம் பூசியிருக்கிறது, பெயர் சர்ஃபாக்டன்ட். கருவில் கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவு சுரக்கும். அது இல்லாததுதான் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்று மேரி எலன் ஏவரி என்ற அமெரிக்க மருத்துவர் 1959-லேயே காட்டிவிட்டார். ஆனால் அதைக் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் மருந்தாகச் செலுத்தி வெற்றி கண்டது 1980-ல், ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற மருத்துவர். இதற்கிடையில் நியூசிலாந்தில் லிகின்ஸ் என்பவர் செம்மறி ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்ததால் முன்கூட்டியே பிறந்த குட்டி ஒன்று, செத்திருக்க வேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதைக் கவனித்ததன் பலனாக, 1972-ல் லிகின்ஸும் ஹவ்வி என்ற குழந்தை மருத்துவரும் கர்ப்பிணிகளுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். இன்று குறைமாதப் பிரசவ அபாயம் தெரிந்தவுடன் அம்மாவுக்குப் போடும் அந்த ஊசி, குழந்தையின் நுரையீரலை ஓரிரு நாளில் தயார்ப்படுத்துகிறது. வயிற்று வலியோ நீர்க்கசிவோ சீக்கிரமே வந்தால் "பொய் வலியாக இருக்கும், காலையில் பார்ப்போம்" என்று இருந்துவிடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும்.

மிகச் சின்னக் குழந்தைகளுக்கு வேறு கண்டங்களும் உண்டு. மூளைக்குள் ரத்தக்கசிவு, குடல் அழுகல், விழித்திரைப் பாதிப்பு. ஒவ்வொன்றும் தனியாக எழுத வேண்டிய அளவு பெரியது. இரண்டு விஷயம் மட்டும். குடல் அழுகும் நோயைக் குறைப்பதில் தாய்ப்பாலுக்கு இணையான மருந்து எங்களிடம் இல்லை, ஒரு மில்லி, இரண்டு மில்லியாகப் பிழிந்து கொடுத்தாலும் சரி. அப்புறம், விழித்திரைப் பரிசோதனைக்கு ஒரு தேதி கொடுத்தால் அதைத் தவறவிடாதீர்கள். கண் வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே விழித்திரை உரிந்த பிறகு எங்களால் செய்ய முடிவது குறைவு.

34, 35, 36 வாரத்தில் பிறப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு நிறைமாதம் போலவே இருப்பார்கள், வீட்டுக்கும் சீக்கிரம் அனுப்பிவிடுவோம். ஆனால் பசி என்று எழுந்து அழத் தெரியாது. மார்பில் வாய் வைத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு அசந்துவிடுவார்கள். சர்க்கரை இறங்கும், உடம்பு சில்லிடும், மஞ்சள் ஏறும், அதனால் இன்னும் தூக்கம். உங்கள் குழந்தை சற்று முன்னால் வந்துவிட்டால், அழட்டும் என்று காத்திருக்காமல் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை நீங்களே எழுப்பிப் பால் கொடுங்கள்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. இனி கிருமித்தொற்று.

ஓர் இரவு ஆறு நாள் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நிறைமாதம், நல்ல எடை. அம்மா சொன்னது: "ஒண்ணுமில்ல டாக்டர், நேத்துலேர்ந்து ரொம்ப சமத்தா தூங்கறான். பால் கொடுத்தா வாயில வெச்சுக்கறான், ஆனா இழுக்க மாட்டேங்கறான். எங்கம்மாதான் காமிச்சுட்டு வான்னாங்க." காய்ச்சல் இல்லை. பாதத்தைத் தொட்டேன், சில். நெஞ்சில் விரலை ஐந்து விநாடி அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் சிவந்துவிட வேண்டும். அன்று நான் ஐந்து வரை எண்ணினேன். ரத்த ஓட்டம் தளர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அரை மணிக்குள் ரத்தம் எடுத்து, சலைன் ஏற்றி, ஆன்டிபயாட்டிக் போட்டோம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது, ஆனால் முழுசாகப் பிழைத்து வீட்டுக்குப் போனான். அந்தப் பாட்டிக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது. "நேற்று இழுத்த குழந்தை இன்று இழுக்கவில்லை" என்பது தெரிந்திருந்தது.

அதனால் என் முதல் விதி இது. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை குடிப்பதை நிறுத்தினால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே காட்டுங்கள். கூடவே இவற்றையும் பாருங்கள். எழுப்பினாலொழியக் கைகால் அசைக்காமல் கிடப்பது. மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டுவது. குழந்தை அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகப் போகும். அறுபதுக்கு மேல் வந்தால் இன்னொரு தடவை எண்ணுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நன்றாகக் குழி விழுவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது. அக்குளில் வைத்த தெர்மாமீட்டரில் 37.5 செல்சியஸ், அதாவது 99.5 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல். அதேபோல 35.5-க்குக் கீழே இறங்கினாலும் ஆபத்துதான், இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். வலிப்பு. இதில் எது வந்தாலும் இரவா பகலா என்று பார்க்க வேண்டாம். காய்ச்சல் சொட்டு மருந்தை வீட்டிலேயே கொடுத்து, குறைகிறதா என்று பார்க்கும் வேலையும் இந்த வயதில் வேண்டாம்.

பச்சிளம் குழந்தையின் வலிப்பு பெரியவர்களுக்கு வருவது மாதிரி உதறிக்கொண்டு வர வேண்டும் என்றில்லை. கண் ஒரு பக்கமாகக் குத்திட்டு நிற்கலாம், உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டே இருக்கலாம், சைக்கிள் மிதிப்பதுபோல் கால் சுற்றலாம், மூச்சு சிறிது நேரம் நின்றுபோகலாம். வெறும் நடுக்கமா வலிப்பா என்று தெரியாவிட்டால் அந்தக் கையை மெதுவாகப் பிடித்து மடக்குங்கள். நடுக்கம் நின்றுவிடும், வலிப்பு உங்கள் பிடிக்குள்ளும் துடிக்கும். முடிந்தால் போனில் வீடியோ எடுங்கள். நீங்கள் பத்து நிமிடம் விவரிப்பதைவிடப் பத்து விநாடி வீடியோ எனக்கு அதிகம் சொல்லும்.

தொற்று எங்கிருந்து வருகிறது? முதல் மூன்று நாளில் வருவது பெரும்பாலும் பிரசவப் பாதையிலிருந்து. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, பிரசவ நேரத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்தாலோ அபாயம் கூடும். பின்னால் வருவது பெரும்பாலும் நம் கைகளிலிருந்து. தொப்புளில் எதையும் பூசாமல் காய விடுவது, தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, இரண்டும் எளிது. உதட்டில் அக்கிக் கொப்புளம் இருப்பவர் குழந்தையை முத்தமிடவே கூடாது. நமக்கு நாலு நாளில் ஆறிப்போகும் அந்த வைரஸ் பிறந்த குழந்தையின் மூளையையும் கல்லீரலையும் தாக்கக்கூடியது. சொந்தக்காரர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

தொற்று என்று சந்தேகம் வந்தால், முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுவோம். சில சமயம் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்று கேட்போம். பெற்றோர் பலர் இந்த இடத்தில் மறுத்துவிடுகிறார்கள், கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது. அந்த நீரைப் பார்க்காமல் மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தால் மருந்தின் அளவும் நாட்களும் வேறு, இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். தெரியாமல் அரைகுறையாக வைத்தியம் செய்வதுதான் உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம்.

இப்போது மஞ்சள். நிறைமாதக் குழந்தைகளில் சுமார் 60 சதவீதத்துக்கும் குறைமாதத்தில் 80 சதவீதத்துக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். எனவே மஞ்சள் என்றாலே நோய் இல்லை. ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எப்போதுமே நோய்தான், அம்மாவுக்கும் குழந்தைக்கும் ரத்த வகை ஒத்துப்போகாததில் ஆரம்பித்துப் பல காரணங்கள் இருக்கும். உங்களுக்கு ரத்த வகை நெகட்டிவ் என்றால், உங்கள் உடம்பு குழந்தையின் ரத்தத்தை எதிரியாகப் பார்க்கப் பழகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைப் பற்றி இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்குத் துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையின் வாடைகூட ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சளைச் சரசரவென்று ஏற்றிவிடும். பத்திரப்படுத்தி வைத்த பழைய குழந்தைத் துணிகளை எடுக்கும்போது அந்துருண்டை வாசம் போகத் துவைத்துக் காயவைத்த பிறகே போடுங்கள்.

மஞ்சளுக்குக் காரணமான பிலிரூபின் அளவுக்கு மீறினால் மூளைக்குள் இறங்கும். முதலில் தூக்கமும் பால் இழுக்காததும். அப்புறம் கீச்சென்ற அழுகை, உடம்பை வில்லாகப் பின்னால் வளைப்பது. அந்தக் கட்டத்தைத் தாண்டினால் காது கேளாமை, கட்டுக்குள் நிற்காத கைகால் அசைவு என்று வாழ்நாள் முழுக்க நிற்கும். இத்தனை வைத்தியம் வந்த பிறகும் இப்படி ஆகும் குழந்தைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வரும், ஏனென்றால் இது முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியது. கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியாது, மாநிறக் குழந்தைகளில் சுத்தமாக முடியாது. பகல் வெளிச்சத்தில் நெற்றியையும் நெஞ்சையும் விரலால் அழுத்திப் பாருங்கள், ஈறையும் கண் வெள்ளையையும் பாருங்கள். மஞ்சள் தொடை, பாதம் என்று இறங்கியிருந்தால் ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

மஞ்சள் கூடினால் குழந்தையை நீல விளக்கின் கீழே கிடத்துவோம். அந்த வைத்தியம் வந்த கதை சுவாரசியமானது. இங்கிலாந்தின் ரோச்ஃபர்டு மருத்துவமனையில் 1956 வாக்கில் ஜீன் வார்டு என்ற செவிலியர், நல்ல வெயில் நாட்களில் குறைமாதக் குழந்தைகளைச் சற்று நேரம் முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒரு குழந்தையின் உடம்பெல்லாம் வெளுத்திருக்க, துணியின் முனை மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை மருத்துவர்களுக்குக் காட்டினார். சில வாரம் கழித்து, ஜன்னல் வெயிலில் தவறிப்போய் விட்டுவைத்த, பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தில் பிலிரூபின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. இரண்டும் சேர்ந்துதான் 1958-ல் வெளியான ஆய்வுக்கு வழிவிட்டன. ஒளி, தோலிலுள்ள பிலிரூபினின் வடிவத்தை மாற்றுகிறது. மாறியது மலத்திலும் சிறுநீரிலும் எளிதாக வெளியேறுகிறது.

"அப்ப வெயில்லயே காமிச்சா போதாதா?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். போதாது. வேலை செய்வது அதிலுள்ள நீல ஒளி மட்டும். அதோடு புற ஊதாக் கதிரும் வெக்கையும் சேர்ந்து வரும். தேவையான அளவு ஒளி படத் துணியில்லாமல் மணிக்கணக்கில் கிடத்த வேண்டும், அதற்குள் தோல் கன்றிவிடும் அல்லது குழந்தை குளிர்ந்துவிடும். எல்லாவற்றையும்விட, "வெயிலில் காட்டுகிறோமே" என்ற நிம்மதியில் இரண்டு நாள் ஓடிவிடும். அந்த இரண்டு நாள்தான் நமக்கு வேண்டியது.

அடுத்தது இதயம். ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு ஏதாவது ஒரு பிறவி இதயக் குறை இருக்கும். அதில் நிறைய, தானே மூடிக்கொள்ளும் சின்ன ஓட்டைகள். "இதயத்துல ஓட்டை" என்று கேட்டதுமே இடிந்துபோக வேண்டாம். நான் சொல்ல வருவது வேறொரு வகை.

கருவில் குழந்தை மூச்சு விடுவதில்லை. நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி ஒரு குறுக்கு வழியில் பெருந்தமனிக்குத் திரும்பிவிடும். பிறந்த பிறகு அந்தக் குறுக்கு வழி தேவையில்லை என்பதால் இரண்டு மூன்று நாளில் மூடிக்கொள்ளும். ஆனால் சில குழந்தைகளுக்கு நேர்வழி அடைத்திருக்கும், அல்லது பெரிய ரத்தக் குழாய்கள் இடம் மாறியிருக்கும். அவர்களுக்கு அந்தக் குறுக்கு வழிதான் உயிர்வழி. அது திறந்திருக்கும்வரை குழந்தை நன்றாக இருக்கும். பரிசோதித்து, எல்லாம் சரி என்று அனுப்பிவைப்பார்கள். நாலாம் நாள் வீட்டில் அந்த வழி மூடும்போது சில மணி நேரத்தில் குழந்தை சரிந்துவிடும். பார்ப்பவர்களுக்கு இது கிருமித்தொற்று போலவே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஊசிகூட வேண்டாத ஒரு பரிசோதனை இருக்கிறது. பிறந்து 24 மணி நேரம் ஆன பிறகு வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பது. இரண்டும் 95-க்குக் குறையாமல், வித்தியாசம் 3-க்குள் இருந்தால் நல்லது. 90-க்குக் கீழே போனால் அப்போதே இதயத்தை ஸ்கேன் பண்ணிவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. வீட்டுக்குக் கிளம்புமுன் "கையிலும் காலிலும் ஆக்சிஜன் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள், கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இந்தச் சோதனையில் சிக்காமல் போகும் குறைகளும் உண்டு என்பதால் வீட்டில் ஒரு கண் வைத்திருங்கள். பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, நாலு இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்குவது, நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலமாவது. கைகால் மட்டும் நீலமாக இருப்பது முதல் சில நாட்களில் சகஜம், நாக்கு நீலமானால் சகஜமில்லை. மருத்துவமனைக்கு வந்துவிட்டால் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி அந்தக் குறுக்கு வழியைத் திறந்தே வைத்திருக்க முடியும், அறுவை சிகிச்சைக்கு அவகாசம் கிடைக்கும்.

வயிறு விஷயத்தில் ஒரே ஒரு நிறத்தை நினைவில் வையுங்கள், பச்சை. தயிர் மாதிரி பால் கக்குவதை எல்லாக் குழந்தைகளும் செய்யும். கரும்பச்சையாக வாந்தி வந்தால் குடலில் அடைப்பு இருக்கலாம் என்று அர்த்தம். குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தப் பகுதிக்கு ரத்தமே போகாது, சில மணி நேரத்தில் குடல் செத்துவிடும். வயிறு உப்பவில்லை, குழந்தை சிரித்த முகமாக இருக்கிறது என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அதேபோல 48 மணி நேரம் ஆகியும் கருப்பாகப் பிசுபிசுப்பாக வரும் முதல் மலம் போகவில்லை என்றால் சொல்லுங்கள். பிறந்ததிலிருந்தே வாயில் நுரையாக எச்சில் வழிந்துகொண்டிருந்து, முதல் பாலுக்கே புரையேறினால் உணவுக்குழாய் பாதியில் முடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்த அறிகுறியும் காட்டாத நோய்கள் இரண்டு. ஒன்று, பிறவித் தைராய்டு குறைவு. இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். பிறந்தபோது குழந்தையிடம் ஒரு வித்தியாசமும் இருக்காது, மாதக்கணக்கில் மூளை வளர்ச்சி மட்டும் நின்றுகொண்டே போகும். குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மற்ற குழந்தைகளைப் போலவே வளரும். உங்கள் மருத்துவமனையில் இந்தச் சோதனை தானாகச் செய்யாவிட்டால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இரண்டு, வைட்டமின் கே குறைவால் வரும் ரத்தக்கசிவு. தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது, வைட்டமின் கே மட்டும் மிகக் குறைவு. பிறந்தவுடன் தொடையில் போடும் ஒரு மில்லிகிராம் ஊசியை "எதுக்கு இப்பவே ஊசி" என்று தவிர்த்தால், நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ மூளைக்குள் ரத்தம் கசியலாம்.

எதை விட்டுவிடலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். விக்கல், தும்மல், தூக்கத்தில் திடுக்கிட்டுக் கையை விரிப்பது, தோல் உரிவது, இரண்டாம் மூன்றாம் நாளில் கொசு கடித்தது மாதிரி வரும் செம்புள்ளிகள், ஆண் பெண் இரண்டுக்கும் மார்பு லேசாக வீங்குவது, பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பில் ஓரிரு நாள் ரத்தத் துளி. எல்லாம் தானே போகும். தூக்கத்தில் ஐந்து பத்து விநாடி மூச்சை நிறுத்திவிட்டு வேகமாக விடுவதும் இயல்புதான். 20 விநாடி நின்றாலோ நிறம் மாறினாலோ இயல்பில்லை. முதல் வாரம் எடை பத்தில் ஒரு பங்குக்குள் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது.

கடைசியாக, புறப்படும்போது என்ன செய்வது. குழந்தையை வெறும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடாமல், டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு உங்கள் நெஞ்சோடு தோல் படச் சேர்த்து, மேலே போர்த்திக்கொண்டு வாருங்கள். வழியில் சில்லிட்டுப்போன குழந்தையைத் திரும்பச் சூடாக்குவதிலேயே எங்களுக்கு முதல் அரைமணி போய்விடும். கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது சிறுநீர் போனது என்று இரண்டு நேரத்தை நினைவில் வைத்திருங்கள். பச்சையாகக் கக்கிய துணியைத் துவைத்துவிடாமல் அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள். மலத்துக்கும் இதுதான். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல், மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போனால், பித்தக்குழாய் அடைத்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் செய்தால்தான் நன்றாகப் பலிக்கும். "கொஞ்சம் வெளுப்பா இருந்தது டாக்டர்" என்று சொன்னால் எனக்கு எவ்வளவு வெளுப்பு என்று புரியாது. அந்த டயப்பரையே கொண்டுவந்துவிடுங்கள்.